யாயீரின் வீட்டில் மறுநாள்



யாயீரின் மகளை நம் ஆண்டவர் உயிர்ப்பித்த புதுமையை நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு வயதுச் சிறுமி. வீடெங்கும் ஒப்பாரி. ஆண்டவர் உள்ளே சென்று கையைப் பிடித்தார். பிள்ளை எழுந்து நடந்தாள். நாம் வழக்கமாக இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுவோம். மாற்கு நற்செய்தியாளர் இன்னும் ஒரு சங்கதியையும் எழுதி வைத்திருக்கிறார். எல்லாரும் திகைத்து நிற்கையில், பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கும்படி ஆண்டவர் பெற்றோரைப் பணித்தாராம். சாவையே வென்ற கை இன்னும் சிறுமியின் கையை விட்டிருக்கவில்லை. அதற்குள் அவருக்கு அடுப்படியின் நினைவு வந்துவிட்டது.

அதன் பின் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று வேதாகமம் சொல்லவில்லை. தாய் கஞ்சி காய்ச்சியிருப்பாள். மறுநாட் காலை பிள்ளையின் முகத்தைப் பார்த்திருப்பாள், நெற்றியைத் தொட்டிருப்பாள், இரண்டு வாய் கூடுதலாக உண்ணச் சொல்லி மன்றாடியிருப்பாள். நீண்ட நோயுள்ள பிள்ளையை வைத்திருக்கும் உங்களில் பலருக்கு வாழ்வே இந்த மறுநாள்தான். அதைப்பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். என் குற்றம் ஒன்றும் இதிற் கலந்திருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் கடற்கரைப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றினேன். அங்கே ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கழுத்தின் வலப்புறத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. நோவில்லை. மாலையில் காய்ச்சல் காயும், விடியச் சுகமாகிவிடும். உடம்பு தேறவேயில்லை. அம்மம்மா பார்த்தவுடனேயே "இது கண்டமாலை" என்று சொல்லிவிட்டார். ஆசுப்பத்திரியிற் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்துச் சோதித்தார்கள். காசநோய்க் கிருமி என்று தெரிந்தது. அம்மம்மாவின் பேச்சும் ஆய்வுகூடத்தின் பேச்சும் ஒன்றாகவே இருந்தன.

காசநோய் சுவாசப்பையில் மட்டும் வருமென்று நினைப்பவர்கள் அநேகர். பிள்ளைகளிற் கழுத்துக் கணுக்களிலும் அது குடியிருக்கும். அங்கே மட்டும் இருந்தால் மற்றவர்களுக்குத் தொற்றுவதுமில்லை. இதைத் தெரியாமல் அயலார் அந்தச் சிறுவனைத் தங்கள் பிள்ளைகளோடு விளையாட விடவில்லை என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். அவர்களிற் சிலர் இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்கள்.

மார்பு நோய்க் கிளினிக்கில் இலவசமாக மருந்து கொடுத்தார்கள். 6 மாதச் சிகிச்சை. முதல் 2 மாதங்களுக்கு ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட், பிராசினமைட், எதம்பியூட்டோல் என்ற 4 மருந்துகள். பிந்திய 4 மாதங்களுக்கு முதல் இரண்டும் மட்டும். தாய் பக்தியுள்ளவள், பொறுப்பானவள். காலைச் செபம் முடிந்தவுடன் வெறும் வயிற்றிற் குளிசையைக் கொடுத்துவந்தாள்.

மூன்றாம் நாள் பிள்ளையின் சலம் செந்நிறமாகப் போனது. இரத்தம் என்று தாய் நடுங்கிவிட்டாள். அது ரிஃபாம்பிசினின் சாயம், கண்ணீரிலும் வியர்வையிலுங்கூட அது இறங்கும், ஆபத்தில்லை. கிளினிக்கில் இதைச் சொல்லாமல் விட்டிருக்கமாட்டார்கள். ஆனால், பிள்ளைக்கு இன்ன நோய் என்று அப்போதுதான் கேள்விப்பட்டு நிற்கும் தாயின் காதிற் பத்து வார்த்தைக்கு இரண்டுதான் விழும். இரண்டாம் வாரம் ஓங்காளமும் சத்தியும் தொடங்கின. மூன்றாம் வாரம் கட்டி குறையாமற் சற்றே பருத்தது. இதுவும் சில பிள்ளைகளில் நடப்பதுதான். கிருமி சாகும்போது உடம்பு அதனோடு மல்லுக்கட்டுவதாற் கணு வீங்குவதுண்டு. இவை ஒவ்வொன்றையும் அந்தத் தாய் தாங்கிக்கொண்டாள். ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் "ஏன் படிக்காத சனம் போலப் பயப்படுறியள்" என்று ஏசுவார்களோ என்ற கூச்சம்.

ஐந்தாம் வாரம் தகப்பன் நல்ல பாடு கிடைத்த நாளில், பிள்ளை தேறவேண்டுமென்று, விற்காமல் ஒரு துண்டு சூரை மீனை வீட்டுக்குக் கொண்டுவந்தார். குழம்பு வைத்தார்கள். மகன் அன்றுதான் ஆசையோடு சாப்பிட்டான். அரைமணி நேரம் ஆகவில்லை. முகமும் கழுத்தும் செக்கச் சிவந்தன. "தலை இடிக்குது, நெஞ்சு படபடக்குது" என்று அழுதான். உடம்பெல்லாம் கடி. அம்மம்மா சொன்னார்: "இந்தக் குளிசை பிள்ளையை உள்ளுக்கை எரிக்குது. போதும் விடு."

அம்மம்மாவை நாம் எளிதிற் குறைசொல்லக் கூடாது. அவருடைய தமையனுக்கு இளமையில் இதே நோய். அந்நாளில் மாதக்கணக்காக ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டார்கள். நோய் மாறியது, காது போய்விட்டது. அந்த ஊசி சிலருக்குக் கேட்கும் சக்தியைக் கெடுக்கும் என்பது மெய். அவருடைய பயம் அறியாமையால் வந்ததன்று, அனுபவத்தால் வந்தது. ஒரு தலைமுறைக்கு முந்திய மருந்தின் குற்றத்தை இன்றைய மருந்தின் தலையிற் சுமத்தியதுதான் பிழை.

மறுநாள் குளிசைப் பெட்டி வீட்டுப் பீடத்தில் மாதாவின் சுரூபத்துக்குப் பின்னாற் போய்விட்டது. தேடிவந்த குடும்பநல உத்தியோகத்தரிடம் "மாமி வீட்டிலை நிக்கிறான்" என்று சொன்னார்கள். பிறகு குடும்பமாக என்னிடம் வந்தார்கள். "சுவாமி, ஆவணித் திருநாளுக்கு மடுவுக்குப் போக நேர்த்தி வைச்சிருக்கிறம். பிள்ளைக்கு ஒருக்கா தலையிலை கைவைச்சுச் செபியுங்கோ" என்றாள் தாய். நான் கைவைத்துச் செபித்தேன். "மாதா கைவிடமாட்டா, நம்பிக்கையோடை போட்டு வாங்கோ" என்று அனுப்பினேன். 'என்ன வருத்தம், என்ன மருந்து, ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா' என்ற மூன்று கேள்விகளில் ஒன்றையும் நான் கேட்கவில்லை. என் ஆசீரை அவர்கள் மருந்தை நிறுத்துவதற்கான உத்தரவாக எடுத்துக்கொண்டார்கள். அவர்களை நான் எப்படிக் குறைகூறுவேன்?

இரண்டு மாதங்களின் பின் ஒரு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் அந்தச் சிறுவன் கழுத்தைச் சுற்றித் துவாய் கட்டிக்கொண்டிருந்தான். அவிழ்க்கச் சொன்னேன். கட்டி உடைந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நானே கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த டொக்டர் ஏசவில்லை. முதல் நாளிலிருந்து சொல்லச் சொன்னார். சிவப்புச் சலம், சத்தி, கட்டி பருத்தது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், முகம் சிவந்த கதை வந்ததும் பேனையைக் கீழே வைத்தார். "அண்டைக்கு மத்தியானம் தம்பி என்ன சாப்பிட்டவர்?" தாய் யோசித்துச் சொன்னாள்: "சூரைக் குழம்பு."

ஐசோனியாசிட் எடுப்பவர்கள் சூரை மீன் தின்றால் இப்படி வரக்கூடும். சூரை போன்ற மீன்களில், அதிலும் பிடித்தபின் நன்றாகக் குளிரில் வைக்காதவற்றில், ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்கிறது. சமைத்தாலும் அது அழிவதில்லை. நம் உடம்பு சாதாரணமாக அதை உடைத்துப்போடும். இந்த மருந்து அப்படி உடைப்பதைத் தடுக்கிறது. இதனைக் கவனித்து 1977-ல் வைத்திய ஏட்டில் எழுதியவர்களுள் நம் நாட்டு மார்பு நோய் வைத்தியரான உரகொட அவர்களும் ஒருவர். மீன்பிடிக்கும் நம் ஊர்களில் இது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்கவேண்டிய செய்தி. தகப்பனின் அன்பும் குற்றமில்லை, மருந்தும் குற்றமில்லை. இரண்டும் ஒரே கோப்பையிற் சந்தித்ததுதான் வினை. மருந்து முடியும்வரை சூரையை விட்டு வேறு மீன் கொடுத்திருந்தால் ஒரு தொல்லையும் இருந்திராது.

சகோதரரே, மருந்தை நிறுத்துவது ஏன் இத்துணை ஆபத்து? காசநோய்க் கிருமி மெதுவாகப் பெருகுவது. அதில் ஒரு பகுதி உறங்கிக் கிடக்கும். முதல் வாரங்களில் விழித்திருக்கும் கிருமிகள் சாகவே, காய்ச்சல் விடும், பசி வரும், பிள்ளை ஓடி விளையாடும். நோய் போய்விட்டது என்று நாம் நினைக்கிறோம். உறங்கிக் கிடந்தவை பின்னர் எழும்புகின்றன. அரைகுறையாக மருந்தைக் கண்டு தப்பியவற்றுள் அந்த மருந்துக்கே அடங்காதவையும் மிஞ்சிவிடலாம். அப்படி வந்துவிட்டால் இன்னும் நீண்ட, இன்னும் கடினமான சிகிச்சைதான். வாதக் காய்ச்சலுக்காக மாதம் தவறாமற் பெனிசிலின் ஊசி போடும் பிள்ளைகளின் பெற்றோரும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி நோகுமென்று ஒரு மாதம் தவறினால், அந்த இடைவெளியிற் பாதிக்கப்படப்போவது பிள்ளையின் இருதயம்.

மருந்து மனிதனுடைய வேலை, செபம் கடவுளுடைய வேலை என்று பிரித்துப் பேசுவோர் நம்மிடையே உண்டு. சீராக் ஞான ஆகமத்தின் 38-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். செபிக்கவும் சொல்கிறது, வைத்தியனுக்கு இடம் விடவும் சொல்கிறது. மருந்துகளை ஆண்டவர் மண்ணிலிருந்து உண்டாக்கினார் என்பது அதன் போதனை. ரிஃபாம்பிசினின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. 1957-ல், பிரான்சின் தென்கரையில், பைன் மரச் சோலையொன்றில் எடுத்த மண்ணை இத்தாலியின் மிலான் நகர ஆய்வுகூடம் ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். அந்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரொன்றிலிருந்துதான் இந்த மருந்தின் மூலப்பொருள் கிடைத்தது. சோலைக்கு அண்மையிலுள்ள ஊரின் பெயர் சென் ரஃபாயேல், அதாவது அதிதூதரான புனித இரபாயேலின் ஊர். 'கடவுள் குணமாக்குகிறார்' என்பது அந்தப் பெயரின் பொருள். தற்செயல் என்பவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளட்டும். அந்த மருந்து வருமுன்னர் இந்நோய்க்கு ஒரு வருடத்துக்கும் மேலாகச் சிகிச்சை எடுக்கவேண்டியிருந்தது. பாரதூரமில்லாத காசநோயுள்ள பிள்ளைகளுக்கு 4 மாதங்களே போதுமானதாகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் அறிவித்திருக்கிறது. யாருக்கு 4, யாருக்கு 6 என்பதை வைத்தியர் தீர்மானிக்கவேண்டும், நாமல்ல.

இளைஞனான தொபியாசுக்கு இரபாயேல் வழித்துணையாக வந்ததையும் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே மீனின் பித்தம் தந்தையின் கண்ணுக்கு மருந்தாயிற்று. (எங்கள் சிறுவனுக்கு மீன் செய்த காரியம் வேறு!) அந்த நெடும் பயணத்தில் அதிதூதர் செய்தது என்ன? கூடவே நடந்தார். இன்ன இடத்தில் இன்னதைச் செய் என்று சொல்லிக்கொடுத்தார். மருந்து பிள்ளையை வருத்தும்போது தாய் தகப்பன் செய்யவேண்டியதும் அதுவே. கண்மூடித்தனமாகத் திணிப்பதும் கூடாது, பயந்து நிறுத்துவதும் கூடாது. கூட நடந்து, பார்த்து, சொல்லவேண்டியவரிடம் சொல்லவேண்டும்.

அன்று டொக்டர் அந்தத் தாயிடம் ஒரு கொப்பி வாங்கச் சொன்னார். 40 பக்கக் கொப்பி. ஒவ்வொரு நாளும் திகதி, குளிசை கொடுத்த நேரம், சாப்பிட்டது என்ன, சத்தி எடுத்தானா, எடுத்தால் குளிசைக்குப் பின் எத்தனை நிமிடத்தில் என்று எழுதவேண்டும். உடனே சத்தி எடுத்தாற் குளிசை வெளியே போயிருக்கும், வெகுநேரம் கழித்தென்றால் உள்ளே சேர்ந்திருக்கும். திரும்பக் கொடுப்பதா என்பது அந்த நிமிடக் கணக்கிலேயே தங்கியிருக்கிறது. தாயே ஊகித்து இரண்டாம் முறை கொடுக்கக் கூடாது. கிளினிக்கைக் கேட்கவேண்டும்.

சத்தி, ஓங்காளத்துக்குச் சொல்லப்பட்ட பரிகாரம் மிக எளியது. இந்த மருந்துகள் வெறும் வயிற்றில் நன்றாகச் சேரும் என்பது உண்மைதான். ஆனாலும், வயிறு தாங்காத பிள்ளைக்குக் கொஞ்சம் இடியப்பத்தோடோ கஞ்சியோடோ கொடுக்கலாம், அல்லது நேரத்தை இரவு படுக்கப்போகும் வேளைக்கு மாற்றலாம் என்றார். சேர்வது சற்றுக் குறைந்தாலும், ஒன்றுமே சேராமற் போவதிலும் அது மேல். விரல்நுனி கூசி விறைத்தால் விற்றமின் B6 தேவைப்படலாம். ஐசோனியாசிட் அதனைக் குறைக்கும். உடம்பு மெலிந்த பிள்ளைகளுக்கு அதைத் தொடக்கத்திலேயே கொடுப்பதுண்டு. மாதந்தோறும் நிறுத்துப் பார்க்கவேண்டும். அளவு பிள்ளையின் எடையைக் கொண்டு போடப்படுவதால், பிள்ளை தேறினால் மருந்தும் கூடவேண்டும்.

இன்னும் ஒன்றை அவர் கொப்பியின் முன்மட்டையிலேயே எழுதிக்கொடுத்தார். ஈரலைப் பற்றியது. இம்மருந்துகளில் மூன்று, சிலருடைய ஈரலைத் தாக்கக்கூடியவை. பிள்ளைகளில் இது குறைவு; வந்தால் தாமதிக்கக் கூடாது. செங்கண்மாரியைச் சலத்தின் நிறத்தைக் கொண்டு கண்டுபிடிக்க நாம் பழகியிருக்கிறோம். ரிஃபாம்பிசின் குடிக்கும் பிள்ளையில் அது உதவாது, சலம் எப்படியும் சிவப்பாகவே இருக்கும். ஆகவே பகல் வெளிச்சத்திற் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அது மஞ்சளித்தால், விடாத சத்தி என்றால், சோற்றை அடியோடு வெறுத்து வயிறு நோகுதென்று சுருண்டு படுத்தால், அடுத்த குளிசையைக் கொடுக்காமல் அன்றைக்கே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சலோடு தோலிற் கொப்புளம் போட்டாலும் அப்படியே. பார்வை மங்குகிறது, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியவில்லை என்று பிள்ளை சொன்னாலும் அப்படியே. அது எதம்பியூட்டோலின் வேலையாக இருக்கலாம். இங்கே நிறுத்தச் சொல்வது வைத்தியத்தின் ஒரு பகுதி. சுரூபத்துக்குப் பின்னால் ஒளித்து வைப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை உணர்ந்துகொள்ளுங்கள். ஈரலுக்கென்று வீட்டிற் கசாயம் அவித்து இடையிற் கொடுக்கவும் வேண்டாம். எது எதனோடு மோதுமென்று நமக்குத் தெரியாது. சூரைக் குழம்பே அதற்குச் சாட்சி.

சோதனைகள் செய்து, சிகிச்சையை முதலாம் நாளிலிருந்து மீண்டும் தொடங்கினார்கள். அந்த வீட்டுக்கு அது கசப்பான செய்தி. ஐந்து வாரமாகச் சிறுவன் பட்ட பாடெல்லாம் வீண். தாய் கிளினிக் வாங்கிலிருந்து அழுதாள். "நான்தான் சுவாமி என்ரை பிள்ளைக்குப் பாவம் செய்தன்" என்றாள். அது பாவமில்லை என்று நான் சொன்னேன். பயந்த அன்பைப் பாவமென்று நான் எந்த ஞான உபதேசத்திலும் படிக்கவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டியவன் அந்த வாங்கில் இன்னொருவன் இருந்தான்.

பிள்ளையை மறந்துவிட்டு நாம் பேசக் கூடாது. குளிசையை இனிப்பு என்று பொய் சொல்லி அவனுக்குக் கொடுத்துவந்தார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இனிப்பும் கசப்பும் தெரியாதா? அதனால் தாயின் வேறு சொல்லையும் அவன் நம்பாமற் போனான். இம்முறை அவனிடம் உண்மையைச் சொன்னோம். கசக்கும், சலம் சிவக்கும், இத்தனை நாள். சீரியத் தளபதி நாமான் யோர்தானில் ஏழு தரம் முழுகிய கதையை வகுப்பில் அவனுக்காகவே சொன்னேன். பெரிய காரியம் ஏதாவது செய்யச் சொல்லியிருந்தால் நாமான் செய்திருப்பான். ஒரு சிறிய, சலிப்பூட்டும் காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. "ஆறாந்தரம் முழுகி எழும்பேக்கை அவனுக்குச் சுகம் வந்திட்டுதோ, சுவாமி?" என்று சிறுவன் கேட்டான். வேதாகமம் ஏழாந்தரம் முழுகிய பின்னர்தான் சுகத்தைச் சொல்கிறது என்றேன். அவன் பேசாமலிருந்தான்.

கொப்பியிற் சரி அடையாளம் போடும் பொறுப்பு அவனுக்கு. எழுதும் பொறுப்பு தாய்க்கு. தகப்பன் கடலுக்குப் போகாத இரவுகளில் குளிசை கொடுப்பது தகப்பன். இது முக்கியமானது. நம் வீடுகளில் நோய்ப் பிள்ளையின் பாரம் முழுவதையும் தாயின் தலையில் வைத்துவிட்டு, பிழை வந்தால் அவளையே கேட்கிறோம். அம்மம்மாவுக்கும் ஒரு வேலை கிடைத்தது. கண்ணின் வெள்ளையைப் பார்ப்பது. ஒவ்வொரு காலையும் முற்றத்து வெயிலில் பேரனை நிறுத்தி, இமையை விரித்துப் பார்த்து, நெற்றியிற் சிலுவை அடையாளம் போட்டு அனுப்புவார். தமையனின் காது போனதைக் கவனிக்க அந்நாளில் ஒருவரும் இருக்கவில்லை என்று என்னிடம் ஒருநாட் சொன்னார். தபசு காலம் வந்தபோது பேரனுக்காகத் தாம் ஒருசந்தி இருந்தார். பேரனை இருக்க விடவில்லை. முட்டையும் மீனும் குறையாமற் கொடுத்தார்.

இடையிலும் தொல்லைகள் வந்தன. ஒருமுறை தோல் கடித்தது. கடிக்கு மருந்து கொடுத்தார்கள், அடங்கிவிட்டது. ஒருமுறை மூன்று நாள் சோறு இறங்கவில்லை. கொப்பியோடு ஓடினார்கள். இரத்தம் சோதித்தார்கள், ஈரல் நன்றாக இருந்தது, திரும்பி வந்தார்கள். அந்தப் பயணத்துக்கு ஒருநாட் தொழில் போயிற்று. தகப்பன் முணுமுணுத்தார் என்றும் எழுதத்தான் வேண்டும்.

மடுவுக்கு அவர்கள் அடுத்த ஆவணியிற் போனார்கள். குளிசையும் கொப்பியும் பையில் கூடவே போயின. 15-ந் திகதிக்கு எதிரே, திருநாட் சனத்துக்குள் நின்று போட்ட சரி அடையாளம் சற்றுக் கோணலாக இருக்கிறது.

கடைசிக் குளிசை ஒரு வெள்ளிக்கிழமை இரவு. கழுத்தில் ஒரு தழும்பும் தொட்டால் மட்டும் தெரியும் சிறு முடிச்சும் மிஞ்சியிருந்தன. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "சூரைக் குழம்பு" என்றான். டொக்டரைக் கேட்டார்கள், இன்னும் சில நாள் பொறுக்கச் சொன்னார். அந்த நாளையும் அவன் கொப்பியில் எழுதுவித்தான். அந்த மத்தியானம் என்னையும் அழைத்திருந்தார்கள். தகப்பன் விடியற்காலையிற் கரைக்கு வந்த மீனைப் பனிக்கட்டியிற் போட்டே கொண்டுவந்தாராம். அம்மம்மா முதலில் பேரனுக்குப் பரிமாறினார். நாங்கள் எல்லாரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் தலை நிமிராமற் சாப்பிட்டான். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினான்.